சித்தி கடை மடிக்கணினிக்கு லினக்ஸ்: படத்தில் பார்த்த அழகு வருமா?

ரப்பர்ஸ்டாம்ப்

வணக்கம். எங்கள் ஊர் தாலுகா ஆபீஸ் எதிரில் சித்தி ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறார். பட்டா மாறுதல் மனு, வாரிசுச் சான்றுக்கு மனு, வாடகை ஒப்பந்தம் என்று நாளைக்கு இருபது முப்பது பக்கம் அடிப்பார். கடையில் இருக்கும் மடிக்கணினி பத்து வருடத்துக்கு மேல் பழசு. மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி சுழலும் ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு ஆதரவு முடிந்துவிட்டது. 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு கேட்கிறது, இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசசரை ஏற்பதில்லை. புதுசு வாங்க இப்போதைக்கு வழியில்லை.

விண்டோஸுக்குப் பதில் இலவச இயங்குதளமான லினக்ஸ் போடலாம் என்று கிளப்பிவிட்டவன் நான்தான். இணையத்தில் டெஸ்க்டாப் படங்களைப் பார்த்துப் பார்த்து ஆசை வந்துவிட்டது. கண்ணாடி போலப் பின்புறம் தெரியும் டெர்மினல் (கட்டளை தட்டும் சன்னல்), அடியில் மிதக்கும் டாக் (செயலிப் படக்குறி வரிசை), வலது ஓரத்தில் நியான் கடிகாரம், எல்லாம் கருப்பும் ஊதாவும். அந்த மாதிரி இந்தப் பெட்டியில் வருமா? எந்த லினக்ஸ் போடுவது? சித்தி தமிழ் அடிக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கருந்திரை

ஐ3 பிராசசருக்கு ஐ3 விண்டோ மேனேஜர், அதாவது சன்னல்களை அடுக்கும் நிரல். பெயர்ப் பொருத்தமே பத்துக்குப் பத்து. ஆர்ச் லினக்ஸ் போட்டு, மேலே ஐ3, பாலிபார் பட்டை, ரோஃபி மெனு வையுங்கள். மவுஸையே தொட வேண்டாம். நீங்கள் பார்த்த படங்களில் பாதி இந்தக் கூட்டணிதான்.

எறும்பு

கருந்திரை அண்ணா, மனு எழுதும் கடையில் மவுஸைப் பிடுங்கினால் சித்தி உங்களைத் தேடி வருவார்.

ரப்பர்ஸ்டாம்ப், முதலில் ஒன்று. எந்த லினக்ஸ் என்பதை விட அந்த ஹார்ட் டிஸ்க்தான் உங்கள் பிரச்சினை. 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) ஒன்று, 240 ஜிபி போதும், வாங்கி மாட்டுங்கள். பின்பக்கம் நாலைந்து திருகு கழற்றும் வேலைதான். பழைய டிஸ்க்கை வைத்துக்கொண்டு எவ்வளவு ஒல்லியான டெஸ்க்டாப் போட்டாலும், மனு அடிக்கும் ரைட்டர் செயலி திறக்கிற நேரத்தில் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். ரேம் இடம் ஒன்று காலியாக இருந்தால் இன்னொரு 4 ஜிபி, இல்லாவிட்டாலும் ஓடும்.

அப்புறம் லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஇ என்ற ஒல்லியான டெஸ்க்டாப்போடு வரும் பதிப்பு. மின்ட் 22 வரிசை உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸ் மேல் கட்டியது, 2029 வரை ஆதரவு உண்டு. குறைந்தது 2 ஜிபி, வசதியாக ஓட 4 ஜிபி என்று அவர்களே சொல்கிறார்கள், ஆக உங்கள் பெட்டி கணக்கில் சரியாக உட்காருகிறது. எக்ஸ்எஃப்சிஇ 1996இலிருந்து இருக்கிறது. அதன் சின்னமே ஒரு எலி, மவுஸைப் பிடுங்காத டெஸ்க்டாப் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அழகு விஷயம். டெஸ்க்டாப் என்று நாம் சொல்வது ஒரே பொருள் இல்லை. சன்னலுக்குச் சட்டம் போடுவது விண்டோ மேனேஜர், அடியில் இருக்கும் பட்டை பேனல், நிழலும் கண்ணாடித் தன்மையும் தருவது கம்பாசிட்டர், பொத்தான்களின் நிறமும் வடிவமும் ஜிடிகே தீம், படக்குறிகள் வேறு ஒரு பொட்டலம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக மாற்றலாம், அதுதான் லினக்ஸின் சுகம். தனித்தனியாகக் கெடுக்கவும் செய்யலாம்.

பழையபெட்டி

அவசரப்பட்டு விண்டோஸை அழிக்காதீர்கள் தம்பி. மின்ட்டை பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே பூட் செய்து ஒரு மதியம் முழுக்க ஓட்டிப் பாருங்கள். வைஃபை வருகிறதா, ஸ்கேனர் தெரிகிறதா, முக்கியமாக பிரிண்டர். ஜெராக்ஸ் கடைகளில் உட்கார்ந்திருக்கும் சின்ன லேசர் பிரிண்டர்களில் சில, பக்கத்தைத் தானே வரையத் தெரியாதவை. எல்லா வேலையையும் கணினியிடம் தள்ளிவிடும், அதற்குக் கம்பெனி தரும் டிரைவர் இல்லாமல் அசையாது. புதிய நெட்வொர்க் பிரிண்டர்கள் பெரும்பாலும் டிரைவரே கேட்பதில்லை. சோதிக்காமல் இறங்கினால் மனு கையில், வாடிக்கையாளர் வாசலில்.

இரண்டையும் வைத்துக்கொள்வதாக இருந்தால் இரண்டு தொல்லைகளுக்குத் தயாராக இருங்கள். விண்டோஸ், மதர்போர்டு கடிகாரத்தில் உள்ளூர் நேரம் இருப்பதாக நினைக்கும். லினக்ஸ் அங்கே உலகப் பொது நேரத்தை எழுதும். நமக்கு வித்தியாசம் ஐந்தரை மணி. காலை 10 மணிக்குக் கடை திறந்து விண்டோஸுக்குப் போனால் 4.30 என்று காட்டும். என் வீட்டில் இதைப் பார்த்து பேட்டரி செல் போய்விட்டது என்று மாற்றினோம், இரண்டு தடவை. லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் கட்டளை மூலம் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது. இன்னொன்று, விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். அது இருக்கும்வரை விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, அரைத் தூக்கம்தான். அந்த டிரைவை லினக்ஸில் திறந்தால் படிக்கலாம், எழுத முடியாது. அதை அணைத்துவிட்டு வாருங்கள்.

ரப்பர்ஸ்டாம்ப்

எஸ்எஸ்டி மாட்டியாச்சு. பழைய டிஸ்க்கை அப்படியே கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன், ஆக இரட்டை பூட் தொல்லையே இல்லை. மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பென்டிரைவில் ஓட்டியபோது வைஃபை தானாக வந்தது. ஸ்கேனர் வந்தது. பிரிண்டர் வரவில்லை, பழையபெட்டி சார் சொன்ன அதே ரகம். கம்பெனி தளத்தில் லினக்ஸ் டிரைவர் இருந்தது, நிறுவி, ஒருமுறை கழற்றி மாட்டியதும் சோதனைப் பக்கம் வந்துவிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு சித்தி திரும்பிப் பார்த்தார், அதுவே எனக்குப் பெரிய வெற்றி.

இனி அலங்காரம்தான். ராத்திரி உட்காருகிறேன்.

ரப்பர்ஸ்டாம்ப்

ஐயா, உதவி. பேனல் காணோம். கீழே இருந்த பட்டையே இல்லை, மெனு இல்லை, கடிகாரம் இல்லை.

செய்தது இதுதான். கருப்பு-ஊதா தீம் ஒன்றை இறக்கிப் போட்டேன், நன்றாகத்தான் இருந்தது. பிளாங்க் டாக் போட்டேன். கான்கி என்ற செயலியில் நியான் கடிகாரம் வைத்தேன். கண்ணாடி விளைவுக்கு பிகாம் என்ற கம்பாசிட்டர் போட்டபோது ஏற்கெனவே வேறு கம்பாசிட்டர் ஓடுகிறது என்று மறுத்தது, எக்ஸ்எஃப்சிஇயின் சொந்தக் கம்பாசிட்டரை அணைத்தேன். டாக் இருக்கிறதே, பேனல் எதற்கு என்று பேனலை ஒளிக்கப் போனேன். அங்கேதான் ஏதோ ஆனது.

மோசம் என்னவென்றால், பழைய நிலைக்குத் திருப்பும் டைம்ஷிஃப்ட் செயலியில் ஸ்னாப்ஷாட் எடுத்துத்தான் வைத்திருந்தேன். அதை மீட்டேன், வெற்றி என்றும் சொன்னது. பேனல் மட்டும் வரவில்லை! டைம்ஷிஃப்டே பொய்யா?

எறும்பு

பொய் இல்லை. டைம்ஷிஃப்ட் காப்பது இயங்குதளத்தை. உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் கோப்புறையை, நீங்களாகச் சேர்க்காவிட்டால், தொடாது. வேண்டுமென்றேதான் அப்படி. நேற்றைய ஸ்னாப்ஷாட்டை மீட்கும்போது இன்று அடித்த மனுவும் காணாமல் போனால் என்ன ஆவது? ஆனால் பேனல், தீம், குறுக்குவழி விசை, எல்லா அலங்காரமும் வாழ்வது ஹோமுக்குள் மறைந்திருக்கும் கான்ஃபிக் கோப்புறையில். அதனால் சுவரை மீட்டீர்கள், கோலம் திரும்பவில்லை.

வழி சொல்கிறேன். கோப்பு மேலாளரில் கண்ட்ரோல்+ஹெச் அழுத்தினால் புள்ளியில் தொடங்கும் கோப்புறைகள் தெரியும். கான்ஃபிக்குக்குள் எக்ஸ்எஃப்சிஇ4 என்ற கோப்புறை இருக்கும். அதன் பெயரை மட்டும் மாற்ற வேண்டும், அழிக்க வேண்டாம். ஆனால் இதை டெஸ்க்டாப்பில் உள்நுழைந்த நிலையில் செய்யாதீர்கள். எக்ஸ்எஃப்கான்ஃப் என்ற ஒரு பின்னணி ஆசாமி எல்லா அமைப்புகளையும் நினைவில் வைத்திருப்பான், நீங்கள் பெயர் மாற்றியது அவனுக்குத் தெரியாது, பழையதையே மறுபடி எழுதிவிடுவான். வெளியேறி, கண்ட்ரோல்+ஆல்ட்+எஃப்2 அழுத்தி, வரும் கருப்புத் திரையில் உள்நுழைந்து பெயரை மாற்றுங்கள். திரும்ப வந்தால் புதுப் பேனல் பிறந்திருக்கும்.

இனிமேல் பேனலில் கை வைப்பதற்கு முன் பேனல் ப்ரொஃபைல்ஸ் என்ற சின்னச் செயலியை நிறுவி, இருப்பதைச் சேமித்துக்கொள்ளுங்கள். ஒரே சொடுக்கில் திரும்பும். தயாராகச் சில அமைப்புகளும் அதிலேயே இருக்கின்றன. ரெட்மண்ட் என்பது விண்டோஸ் சாயல், கூப்பர்டினோ என்பது மேக் சாயல். அந்தந்தக் கம்பெனிகளின் ஊர்ப்பெயர்கள்.

கருந்திரை

ஐ3யில் இந்தத் தொல்லையே இல்லை. எல்லாம் ஒரே உரைக் கோப்பு. கெடுத்தால் கெடுத்த வரி கண்ணுக்குத் தெரியும்.

பழையபெட்டி

அதை எழுத ஆள் வேண்டுமே.

ரப்பர்ஸ்டாம்ப்

வந்துவிட்டது!! எறும்பு அண்ணாவுக்கு நன்றி. ரெட்மண்ட் அமைப்பும் போட்டேன். கருப்புத் தீம் இன்னும் இருக்கிறது. அதில் ஒரு குறை, சில செயலிகள் மட்டும் தீமை மதிக்காமல் வெள்ளையாகவே வருகின்றன.

இன்னொன்று, தமிழ் எழுத்து எல்லா இடத்திலும் ஒல்லியாக, பொடியாகத் தெரிகிறது. தோற்றம் அமைப்பில் எழுத்துருவை நாலு தடவை மாற்றிவிட்டேன். ஆங்கிலம் மாறுகிறது, தமிழ் அசையவே இல்லை.

தட்டச்சுக்கடை

இது என் பேட்டை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தீம் பற்றி ஒரு வரி. ஜிடிகே4இல் லிப்அத்வைதா என்ற நிரல் தொகுப்பை வைத்து எழுதிய செயலிகள் வெளித் தீமைக் கேட்காது, ஃபிளாட்பாக் என்ற தனிப் பொட்டலமாக வந்தவை உங்கள் தீம் கோப்புறையைப் பார்ப்பதே இல்லை. மல்லுக்கட்டாதீர்கள்.

எழுத்துரு. நீங்கள் தேர்ந்தெடுக்கும் உபுண்டு, டெஜாவூ போன்ற எழுத்துருக்களில் தமிழ் எழுத்தே கிடையாது. தமிழ் எழுத்து வந்ததும் ஃபான்ட்கான்ஃபிக் என்ற உள்பகுதி, தமிழ் உள்ள வேறொரு எழுத்துருவைத் தானாகத் தேடி அங்கே செருகும். அதனால்தான் நீங்கள் எத்தனை முறை மாற்றினாலும் தமிழ் அசையவில்லை. லோகித் தமிழ் வருகிறதா, நோட்டோ சான்ஸ் தமிழ் வருகிறதா என்பது அந்த உள்பகுதியின் வரிசை. எஃப்சி-மேட்ச் கட்டளையில் மொழி தமிழ் என்று கேட்டால் தற்போது யார் வருகிறார் என்று பெயர் சொல்லும். உங்களுக்குப் பிடித்ததை முன்னால் நிறுத்த, கான்ஃபிக் கோப்புறைக்குள் ஃபான்ட்கான்ஃபிக் என்று ஒரு கோப்புறை, அதில் ஃபான்ட்ஸ் கான்ஃப் என்று ஒரு கோப்பு, சான்ஸ் செரிஃப் என்றால் முதலில் உங்கள் ஆங்கில எழுத்துரு, அடுத்ததாக இந்தத் தமிழ் எழுத்துரு என்று எழுதி வைக்க வேண்டும். ஆங்கிலத்தை முதலில் வைக்க மறந்தால் ஆங்கிலமும் தமிழ் எழுத்துருவில் இருக்கும் லத்தீனில் வந்து கண்ணை உறுத்தும். எதை வைப்பது என்று கேட்டால் திரைக்கு முக்தா மலர் அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ். மெனுக்களில் மேல்கீழ் வெட்டுப்பட்டால் நோட்டோவிலேயே யூஐ என்று ஒரு வகை உண்டு, உயரத்தைக் குறுக்கியது. மீரா இனிமை படிக்க இதமாக இருக்கும். மனு அச்சுக்கு நோட்டோ செரிஃப் தமிழ்.

அப்புறம் லிப்ரேஆபீஸ், ரைட்டர் அடங்கிய அலுவலகத் தொகுப்பு. இங்கேதான் பாதிப் பேர் லினக்ஸை விட்டு ஓடுகிறார்கள். தமிழை அது சிக்கலான எழுத்தமைப்பு என்ற தனிக் குடும்பத்தில் வைக்கிறது. எழுத்துரு, அளவு, தடிமன் எல்லாம் அதற்குத் தனிக் கணக்கு. மொழி அமைப்புகளில் போய் அந்தப் பெட்டியை டிக் செய்து, தமிழைத் தேர்ந்தெடுத்து, அடிப்படை எழுத்துருக்கள் பக்கத்திலும் அதற்கென்று உள்ள இடத்தில் எழுத்துருவையும் 12 புள்ளி அளவையும் கொடுங்கள். செய்யாவிட்டால் தலைப்பு பாணியில் ஆங்கிலம் ஓர் அளவிலும் தமிழ் வேறு அளவிலும் நிற்கும், ஏன் என்று மண்டையை உடைத்துக்கொள்வீர்கள்.

முழு அமைப்பையும் தமிழுக்கு மாற்றினால் அடுத்த முறை உள்நுழையும்போது டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் கோப்புறைகளின் பெயரையும் தமிழாக்கவா என்று கேட்கும். பழைய பெயரே இருக்கட்டும் என்று சொல்லிவிடுங்கள். டெர்மினல் பலவற்றில் தமிழ்க் கோப்புப் பெயரின் காலும் கொம்பும் பிரிந்து தொங்கும்.

சித்தி எந்த விசைப்பலகையில் அடிப்பார்?

ரப்பர்ஸ்டாம்ப்

பழைய டைப்ரைட்டர் முறை. இன்ஸ்டிடியூட்டில் படித்து ஹையர் பாஸ் செய்தவர். விசையைப் பார்க்கவே மாட்டார். விண்டோஸில் பாமினி எழுத்துருவில் அடித்தார். பழைய மனு மாதிரிகள் எல்லாம் பாமினியில்தான், நானூறு கோப்பு இருக்கும். இங்கே திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது.

நள்ளிரவுப்பறவை

தமிழ்99 விசைப்பலகைக்கு மாற்றிவிடுங்கள், இதுதான் சந்தர்ப்பம். 1999இல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு நடந்தபோது வந்தது, அரசு ஏற்ற முறை. உயிர் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. அம்மா என்று அடிக்க அ, ம, ம, ஆ நாலு தட்டு போதும், நடுவில் புள்ளி தானாக விழும். ஒரு மாதம் பழகினால் டைப்ரைட்டர் பக்கமே திரும்ப மாட்டார்.

பழையபெட்டி

அந்த ஒரு மாதம் கடை வாடகை நீங்கள் கட்டுகிறீர்களா?

நள்ளிரவுப்பறவை

கேலி வேண்டாம் சார். டைப்ரைட்டர் வரிசை இரும்பு இயந்திரத்துக்காக அமைத்தது. கொம்பை முதலில் அடித்து எழுத்தை அப்புறம் அடிப்பது காகிதத்துக்குச் சரி. இப்போதைய பொது எழுத்துக் குறியீடான யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பின்னால். இரண்டுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பு செய்தே காலம் போகிறது.

பழையபெட்டி

அந்த மொழிபெயர்ப்பைச் செய்வது கணினி. கொம்பை வாங்கி வைத்திருந்து, மெய் வந்ததும் இடம் மாற்றிப் போட வேண்டியது உள்ளீட்டு மென்பொருளின் வேலை. சித்தியின் விரல் முப்பது வருடம் செய்ததை ஏன் மாற்ற வேண்டும்? புதிதாகப் படிக்கும் பிள்ளைக்குத் தமிழ்99 சொல்லிக் கொடுங்கள், நானே கைதட்டுகிறேன்.

பனைமரம்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கமும் பாமினியை இன்னும் நிறையப் பேர் பாவிக்கிறார்கள், பத்திரிகை வேலை பார்த்தவர்கள் அதிலேயே ஊறியவர்கள். யூனிகோடுக்கு இலங்கையில் ரெங்கநாதன் விசைப்பலகைதான் தரப்படுத்தப்பட்டது, அதுவும் லினக்ஸில் இருக்கிறது. நீங்கள் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளை நிறுவி, கூடவே எம்17என் என்ற விசைப்பலகைப் பொதியையும் போடுங்கள். தமிழ்99, ஒலிபெயர்ப்பு, ரெங்கநாதன், டைப்ரைட்டர் எல்லாம் பட்டியலில் வரும். மொழி மாற்ற சூப்பர்+ஸ்பேஸ் (சூப்பர் என்பது விண்டோஸ் சின்னம் உள்ள விசை).

முக்கியமான விஷயம், எம்17என் விசைப்பலகை ஒவ்வொன்றும் வெறும் உரைக் கோப்பு. ஏதாவது விசை சித்தியின் பழக்கத்துக்கு மாறாக இருந்தால் அந்தக் கோப்பைப் பிரதி எடுத்து, பெயரை மாற்றி, ஹோமில் எம்17என் மறைகோப்புறைக்குள் வைத்துத் திருத்துங்கள். ஐபஸை மீளத் தொடங்கினால் தனி விசைப்பலகையாகத் தெரியும். நான் அப்பாவுக்கு இப்படித்தான் செய்து கொடுத்தேன்.

தட்டச்சுக்கடை

பனைமரம் சொன்னதுதான் சரியான வழி. பாமினிக் கோப்புகளுக்கு: எழுத்துருக் கோப்பை அலமாரியில் இருக்கும் பழைய டிஸ்க்கிலிருந்து எடுத்து, ஹோமில் லோக்கல், ஷேர், ஃபான்ட்ஸ் கோப்புறைக்குள் போட்டால் எல்லாம் பழையபடி தமிழாகத் தெரியும். அது குப்பை இல்லை, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவம் வரைந்த எழுத்துரு, அவ்வளவுதான். நானூறையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். அடிக்கடி வரும் மாதிரிகளை மட்டும் யூனிகோடாக்குங்கள். ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் தொகுப்பில் பாமினி, டிஸ்கி போன்ற பழைய எழுத்துக் குறியீடுகளை மாற்றும் வசதி உண்டு. மாற்றியபின் எண்களையும் சர்வே நம்பரையும் ஒருமுறை கண்ணால் பார்க்கவும். மனுவில் ஓர் எண் மாறினால் நிலமே மாறும்.

ரப்பர்ஸ்டாம்ப்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

டைப்ரைட்டர் விசைப்பலகை போட்டு, ஒன்றும் சொல்லாமல் சித்தியை உட்கார வைத்தேன். அனுப்புநர், பெறுநர் எல்லாம் கடகடவென்று அடித்தார். நிறுத்தக் குறிகளில் மட்டும் இரண்டு இடம் உதைத்தது. பனைமரம் சொன்னபடி கோப்பில் அந்த இரண்டு வரியைத் திருத்தினேன். நான் வாழ்க்கையில் செய்த முதல் நிரல் வேலை இது என்று சொல்லிக்கொள்ளலாமா?

பிறகு சித்தி தன் பங்குக்கு மாற்றங்கள் சொன்னார். கருப்பு வேண்டாம், மதிய வெயில் கண்ணாடிக் கதவில் பட்டு எதிரொளிக்கும்போது கருப்புத் திரையில் அவர் முகம்தான் தெரிகிறதாம். மின்ட்டோடு வந்த வெளிர் தீமுக்குத் திரும்பியாச்சு. கடிகாரம் பெரிதாக, தேதியோடு, ஏனென்றால் மனுவில் முதலில் கேட்பது தேதி. மேசையில் நான்கே படக்குறி: புது மனு, பழைய மனுக்கள், ஸ்கேன், உலாவி. கம்பாசிட்டரை அணைத்துவிட்டேன், நிழல் போனது யாருக்கும் தெரியவில்லை. சூப்பர்+ஸ்பேஸ் இரண்டு விரல் கேட்கிறது என்றார், ஒற்றை விசைக்கு மாற்றிக் கொடுத்தேன்.

கருந்திரை

எல்லாம் சரி, படம் எங்கே? கண்ணாடி டெர்மினல் என்ன ஆயிற்று?

ரப்பர்ஸ்டாம்ப்

டெர்மினல் இருக்கிறது, மெனுவில் தேடினால் வரும். பின்னணியில் தினசரி காலண்டரில் வந்த முருகன், சித்தியே மொபைலில் எடுத்து அனுப்பியது. கொஞ்சம் சாய்ந்திருக்கிறார்.

கருந்திரை

டாக்காவது?

ரப்பர்ஸ்டாம்ப்

கிட்டப் போனால் எழும்பி, விலகினால் மறைகிற மாதிரி வைத்திருந்தேன். "இது ஏன்டா என்னைப் பார்த்ததும் ஓடி ஒளியுது?" என்று கேட்டார். எடுத்துவிட்டேன்.